கழுவிய தளத்தில் ஒரு சத்தம்

பசியாவரம் மீனவக் குப்பத்தில் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் சிவகுமார். கப்பல்களில் கதிரியக்கம் படிந்திருக்கிறதா என்று அளக்கும் சின்னக் கம்பெனியில் கருவி பிடிக்கும் வேலை. அவன் கையெழுத்து விழாமல் எந்தத் தளமும் சுத்தமாகாது. அந்தப் பெருமையில் பங்குக்கு ஆளில்லாமல் இருந்தது, தீனா வந்து சேரும்வரை.

தீனாவும் அதே குப்பம்தான்; ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வலையைப் பிடித்தவன். கப்பல் கழுவும் தினக்கூலி. ஆறே மாதத்தில் அதிகாரி அம்பிகா மேடம் எதற்கெடுத்தாலும் "தீனாவக் கேளுங்க" என்றார். சிவகுமாருக்கு வயிறு எரிந்தது. இன்றைய ஒத்திகையில் தேறிவிட்டால் தீனா கழுவும் குழுவுக்குத் தலைவன். அவனுக்கும் சிவகுமார் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அப்பால் நின்ற பழைய கப்பல். சீக்கிரமே வீரியம் இழந்துவிடும் கதிரியக்கப் பொடியை மணலில் கலந்து தளத்தில் தூவி, கழுவுமுன் ஓர் அளவு, கழுவியபின் ஓர் அளவு எடுக்க வேண்டும்; இரண்டாம் முறை கருவி கத்தினால் கழுவியவன் தேறவில்லை. தூவுவதற்கு முன்பே தீனா குழாயைத் திறந்து தளத்தை நனைத்தான்.

"மேடம், இது கள்ளாட்டம்!" என்றான் சிவகுமார்.

"இன்னாடா கள்ளாட்டம்? மீனு கொட்றதுக்கு மின்னாடி படவ நனைக்க மாட்டமா? காஞ்ச பலகைல செதிலு ஒட்டிக்கினா எவன் சொரண்றது? உங்க நைனா படவுல நீ நனைக்காததா?"

"நம்ம கையேடும் அதத்தான் சொல்லுது சிவா, நாலாம் பக்கத்துல," என்றார் மேடம். "நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

கழுவி முடிந்தது. மறுபடி அளக்கப் போன சிவகுமார், முதல் அளவின்போது செருப்புக்கு மேல் மாட்டிப் பொடியில் நடந்த பிளாஸ்டிக் காலுறையை மாற்ற வேண்டும் என்பதையே மறந்து, தளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினான். கட்டம் கட்டமாகத் தேடினான். கருவி வாயைத் திறக்கவில்லை. நங்கூரச் சங்கிலி அருகே குனிந்து காலடி வரை இறக்கியபோது படபடவென்று சத்தம்.

"இருக்கு மேடம்!" மனசு துள்ளியது. தீனாவின் முகம் தொங்கிப்போனது.

மேடம் வேறு இடங்களிலும் தாழ்த்திப் பார்க்கச் சொன்னார். அங்கேயும் சத்தம். தீனா கிட்டே வந்தான்.

"மச்சான், நீ நிக்கற எடத்துலல்லாம் கத்துது. மிசின உன் கால்ல வையி."

வைத்தான். கருவி அலறியது. நைனாவின் படகில் செருப்போடு ஏறியதே இல்லை அவன்.

"காலுறையக் கழட்றா," என்ற தீனா, அவன் மிதித்த இடங்களில் தண்ணீரைப் பீய்ச்சினான். மறுபடி அளந்தபோது கருவி அடங்கியிருந்தது. படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தின் முன் சிவகுமாரின் பேனா நின்றது. காலியாக விட்டால் தீனா தோற்றான். மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். 'அளந்தவரின் காலுறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

படகில் திரும்பும்போது தீனா தோளில் கை போட்டான். "சட்ட சைசு கேக்கறாங்க மச்சான். நம்ம ரெண்டு பேரும் ஒரே ஒடம்புதானே, உன்னுது இன்னா?"

சிவகுமாருடையது நாற்பத்திரண்டு.

"முப்பத்தெட்டு," என்றான்.