ஆற்று மண் ஒட்டிய படம்

சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. பல வருஷம் மாடிப் போர்ஷனில் இருந்தேன். மனைவி போன பிறகு முட்டிவலியும் சேர்ந்துகொள்ள, வீட்டுக்காரரிடம் கேட்டுக் கீழ்ப் போர்ஷனுக்கு இறங்கிவிட்டேன். அது நடந்து இரண்டு வருஷமாகிறது. என் நண்பர்கள் யாருக்கும் தெரியாது. நான் ஒன்றும் மறைக்கவில்லை. தெரிய வேண்டுமானால் ஒருவராவது வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

இந்த வருஷம் கொட்டிய பெருமழையில் ஆறு வீட்டுக்குள்ளே வந்தது. மார்பு உயரத் தண்ணீர். மாடியில் இருப்பவர்கள் என்னைக் கையைப் பிடித்து மேலே ஏற்றிக்கொண்டு, மூன்று நாள் சோறும் போட்டார்கள். வடிந்த பிறகு கதவைத் தள்ளி உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத்தான் முதலில் இழுத்தேன். வாரப் பத்திரிகைகளில் கதைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவன் நான். அது போக எனக்கென்று வரைந்த வாட்டர்கலர் படங்கள் முழுக்க அந்தப் பெட்டியில் இருந்தன. முப்பது வருஷத்து வேலை. திறந்தால் ஒரே கூழ். இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மிஞ்சியது ஒரே ஒரு படம்தான். தண்ணீர் லாரிக்காக எங்கள் தெருவில் வரிசை போட்டிருக்கும் பிளாஸ்டிக் குடங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்ப்பதற்காகக் கண்ணாடி போட்டுத் தாழ்வாக மாட்டியிருந்த படம். வெள்ளம் அதில் பாதிவரை ஏறியிருந்தது. மேலே மொட்டைமாடிகளும் மின்கம்பிகளும் போட்டபடி இருந்தன. கீழே குடங்களின் சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடி, சேறு ஒட்டிக் காய்ந்து, குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. அத்தனை நாள் காத்திருந்த குடங்களுக்கு ஒருவழியாகத் தண்ணீர் கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். ‘உங்க வீட்டுக்குத் தண்ணி வந்துதா?’ யாராவது கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றிருந்தேன். நீயாகப் போன் போட்டுச் சொல்வதற்கென்ன என்று கேட்பீர்கள். கேட்காமல் சொன்னால் கையேந்துவது மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. வீம்பு பிடித்த மனுஷன் என்று மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. முன்பு பத்திரிகை ஆபீசில் எனக்குப் பக்கத்து மேஜையில் படம் போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கண்காட்சிகள் நடத்துகிறார்.

“சார், வெள்ளத்துல பாதிச்சவங்களுக்காக ஆர்ட்டிஸ்ட் எல்லாரும் சேர்ந்து மயிலாப்பூர்ல ஒரு ஷோ பண்றோம். ஆளுக்கு ஒரு படம். நீங்க இல்லாம எப்படி?”

“எந்தப் பக்கத்து ஜனங்களுக்கு?”

“உங்க சைதாப்பேட்டை ஆத்தோரம்தான் சார். உங்களுக்கென்ன, மாடியில ஜம்முன்னு இருந்திருப்பீங்க.”

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். “ஒரு படம் இருக்கு, கொண்டு வரேன்” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் உதவுவதற்காக நான் அதைக் கொடுக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கிறவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது என்று நம்பிக் கொடுத்தேன்.

அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இதோ கேட்கப்போகிறார் என்று நின்றேன்.

“சார், இந்த வயசுல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கீங்களே! மண்ணை எப்படி ஒட்ட வெச்சீங்க?”

“தானா ஒட்டிக்கிச்சு.”

“காய எத்தன நாள் ஆச்சு?”

“ஒரு வாரம்.”

“சொல்லித் தர மாட்டீங்களே!” என்று சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். திறப்பு நாளன்று போனால், படத்துக்குக் கீழே அச்சடித்த அட்டை இருந்தது: நீர்வண்ணம், ஆற்று மண். ஓவியர்களின் புத்தியே அப்படித்தான். ஒரு கறையைக் கண்டால் எதைக் கொண்டு போட்டது என்று கேட்போமே தவிர, அது தானாக வந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனாலும் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஹால் நிறையக் கூட்டம். ஊரிலுள்ள பாதி ஓவியர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். விற்ற படத்தின் ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது வழக்கம். முதல் பொட்டே என் படத்துக்குத்தான். அடையாறு ஃபிளாட்டுக்காக வாங்கிய தம்பதி, சோபா கலருக்குப் பொருந்துமா என்று போனில் போட்டோ பார்த்துப் பேசிக்கொண்டார்கள். காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவ்வளவு பேருக்கு நடுவில் அன்றைக்கு இருந்த மாதிரி நான் என்றைக்கும் தனியாக இருந்ததில்லை.

ஆற்றோரக் குடும்பங்களிலிருந்து சிலரை விளக்கேற்ற அழைத்து வந்து, முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா எழுந்து என் படத்திடம் வந்தாள். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், நான் பார்த்திருக்கிறேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. பழுப்புக் கோட்டுக்கு நேராக விரலை நீட்டினாள்.

“இத்த பாரு சார். இங்க வரைக்கும் ஏறிகீது. அப்பால கொஞ்சம் எறங்கி, இங்க ஒரு நாளு நின்னுகீது. ரெண்டு கோடு கீது பாரு. எங்க ஊட்டு செவுத்துலயும் இதே மாரிதான்.”

குனிந்து பார்த்தேன். பெரிய கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே, மெல்லிசாக இன்னொரு கோடு. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்த மட்டம் அது. படத்தைப் போட்டவன் நான், எனக்கே அந்தக் கோடு கண்ணில் பட்டிருக்கவில்லை.

அதற்குள் நண்பர் வந்துவிட்டார். “அம்மா, இந்தப் படத்த உங்களுக்காகக் குடுத்தது சார்தான்” என்றார்.

அவள் அவசரமாகக் கும்பிட்டாள். பிறகு படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஒங்க ஊட்டுலயும் தண்ணி பூந்துச்சா சார்?”

பக்கத்தில் நண்பர் சிரித்த முகமாக நின்றார். அவள் கூப்பிய கை இன்னும் இறங்கவில்லை.

“இல்லம்மா” என்றேன். “நம்ம வீட்டுக்கு வரல.”

“நல்லாரு சார்” என்றாள். “நீயாச்சும் தப்பிச்சியே.”

ஒப்புக்குச் சொல்லவில்லை அவள், கண் கலங்கிவிட்டது. தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகும் என்னைப் பார்த்து ஒருதரம் சிரித்தாள். அத்தனை பேர் இருந்த ஹாலில் எனக்காகச் சந்தோஷப்பட ஒரு ஆள் இருந்தாள். அவளிடம்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.