வராத மழைக்கு அடித்த மணி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டை ஒரு மணிக்கே சாப்பிட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது ஒரு மாமரத்தடியில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தபோது. எதிரே, மரக்கிளையில், ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பள்ளியில் மணி அடித்தால் நானூறு பேர் வரிசையில் வந்து நிற்கிறோம். இங்கே ஆராதனைக்கு வர வேண்டியது ஏழு குடும்பம்தானே!

அப்பா பாஸ்டர். ஞாயிறன்று கோலசிலாங்கூர் டவுனில் ஏழரைக்கு ஓர் ஆராதனை, ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பத்து மணிக்கு இன்னொன்று, தஞ்சோங் காராங்கில் மூன்று மணிக்கு மூன்றாவது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு. அம்மா ஒரு மணிக்குச் சோறு வடித்துவிடுவார். அப்பா இரண்டரைக்கு வந்து, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, அடுத்த ஆராதனைக்குக் கிளம்பிவிடுவார். தம்பிக்கு அப்போது நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாக்களுக்கு உட்காரத் தெரியாது என்றே அவன் நினைத்திருக்கக்கூடும்.

நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாமா வாங்கித் தந்த கைக்கடிகாரம் ஒன்றும் என்னிடம் இருந்தது. தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று அதை வைத்துக் கண்டுபிடித்திருந்தேன். தோட்டத்துச் சபையார் பத்து மணிக்கு வருவதில்லை. அப்பா தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இறங்கி வீடுவீடாகக் கதவைத் தட்டி, “வாங்க, ஆரம்பிக்கலாம்” என்று கூப்பிடுவார். ஒரு வீட்டுக்கு ஏழு நிமிடம் ஆகும். கூப்பிட வேண்டியது ஏழு வீட்டை. அவரோ வாசலில் மாரியம்மன் படம் மாட்டியிருக்கும் வீடுகளுக்குள்ளும் போய்விட்டு வருவார். அந்த வீட்டுக்காரர்கள் ஒருவரும் ஆராதனைக்கு வந்ததில்லை. எவ்வளவு நேரம் வீணாகிறது! மணி அடித்தால் தீர்ந்தது வேலை.

அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க என்னால் ஆகாது. மோட்டார் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். மணி ஒன்பது நாற்பது. மெதுவாக அடித்தால் யார் மதிப்பார்கள் என்று படபடவென்று அடித்தேன். சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நன்றாக இருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் அடித்தேன்.

கதவுகள் திறந்தன. ஆனால் ஒருவரும் முன்பு தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட, இப்போது ஆராதனை நடக்கும் பழைய ஆயாக்கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை. மூன்று பெண்கள் ஓடிவந்து கொடியில் காய்ந்த துணிகளை அள்ளினார்கள். ஒரு பெரியவர் கருவாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரப்பர் காட்டுக்குள்ளிருந்து வாளிகள் மோதும் சத்தம் கேட்டது. அது மழை மாதம். வாரநாளில் மழையால் கெட்ட வேலையை ஈடுகட்ட, அந்த ஞாயிறு பாதித் தோட்டம் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“யாரு அடிச்சது? ஒரு மேகம் இல்லையேலா!”

விடியற்காலையில் அந்த இரும்பை மெதுவாகத் தட்டினால் பெரட்டு, அதாவது வேலைக்கு வந்து வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு படபடவென்று அடித்தால் மழை வருகிறது, மரத்துக் கோப்பையில் இருக்கிற பாலை அப்படியே வாளியில் ஊற்றிக்கொண்டு ஓடிவா என்று அர்த்தம். மரங்களுக்கு அடியில் நிற்பவர்களுக்கு வானம் தெரியாது. அவர்கள் மணியைத்தான் நம்புவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கும்போதே தெரிந்துகொள்கிற சங்கதி இது. நான் டவுன் பிள்ளை.

அப்பா லயத்திலிருந்து வேகமாக வந்தார். என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

“என் மகதான் அடிச்சிருக்கு. தெரியாம செஞ்சிருச்சு, மண்டோர். பொறுப்பு என்னுது.”

“தெரியாமன்னா? மரம் இன்னும் சொட்டிக்கிட்டு நிக்குது, பாஸ்டர்! பாதிப் பால் போச்சு. கிராணிக்கு நான் என்னா பதில் சொல்ல?”

தோட்டத்து ஆபீஸில் கணக்குப் பார்க்கும் கிராணியே வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. “அடுத்த வாரத்துலேர்ந்து கொட்டகைய குடுக்க முடியாது. தொரை கேட்டா நான் மாட்டிக்குவேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொட்டகைக்காக அப்பா இரண்டு வருடம் நடையாய் நடந்திருந்தார்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா, “ஸ்பேனர இருந்த எடத்துல வச்சுட்டு வா” என்றார். பிறகு என்னைப் பால் நிறுக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போய் வாசலில் நின்றார். கனமில்லாத வாளிகளோடு வந்த ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். சிலர் தலையை ஆட்டினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மஞ்சள் துண்டால் தலையைக் கட்டியிருந்த ஓர் அக்கா மட்டும் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

“உங்க சாமி வர்ற மழைய நிப்பாட்டுவாருன்னு கேட்டிருக்கேன், பாஸ்டர். வராத மழைக்கு மணி அடிப்பாருன்னு இன்னிக்கித்தான் தெரியும்லா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் காது சிவந்திருந்தது.

அன்று ஆராதனை தொடங்கவே பன்னிரண்டு ஆகிவிட்டது. பிரசங்கம் முடிந்ததும் கொட்டகையை இன்றோடு விடவேண்டும் என்று அப்பா அறிவித்தார். வெளியே வந்தால் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப அடுத்த வாரம் எங்க கும்புடுவீங்க?”

“தெரியலம்மா. பாக்கணும்.”

“எங்க வீட்டு வாசல்ல கும்புடுங்க. அவரு காலு முறிஞ்சதுலேர்ந்து படுத்தே கெடக்காரு. ஞாயித்துக்கெழம ஆனா பாஸ்டர் வந்துட்டாரா, பாஸ்டர் வந்துட்டாரான்னு என் உசுர எடுக்குறாரு. வாசல்ல பாட்டுக் கேட்டா அவருக்கும் பொழுது போவும்.”

அது மாரியம்மன் படம் மாட்டிய வீடுகளில் ஒன்று. என் கணக்கில் அந்த வீட்டுக்குப் பதினோரு நிமிடம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை அந்த வாசலில் நடந்தது. அதற்கடுத்தது இன்னொரு வாசலில். ஒவ்வொரு வாரமும் பாய் விரிக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் கொடுக்கும் வரக்காப்பியைக் குடிக்க வேண்டும், படுத்திருப்பவர்களுக்கு ஜெபம் பண்ண வேண்டும். அப்பா வீட்டுக்கு வருவது மூன்றேகால் ஆகிவிட்டது. தஞ்சோங் காராங்கில் ஆராதனையை நான்கு மணிக்குத் தள்ளி வைத்தார்கள். அப்பாவை ஒரு மணிக்கு வீட்டுக்கு வரவழைக்க நான் போட்ட திட்டத்துக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். இதில் அப்பா எதற்காக வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

சரி, அப்பா சோற்றிடம் வரமாட்டார் என்றால் சோறு அப்பாவிடம் போகட்டும். ஜெராம் பஸ் பதினொன்றரைக்கு எங்கள் தெருமுனையில் நிற்கும் என்று விசாரித்து வைத்தேன். அம்மாவும் தம்பியும் அதில் வந்தால், நான்கு பேரும் மாமரத்தடியில் சரியாக ஒரு மணிக்கு, உட்கார்ந்து சாப்பிடலாம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அலமாரியின் மேலிருந்து பெரிய அடுக்குக் கேரியரை இறக்கினார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் இன்னொன்றை இரவல் வாங்கி வந்தார். அரிசியை எட்டுக் குவளை அளந்து வைத்தார்.

“நாலு பேருக்கு எதுக்கும்மா இவ்ளோ?”

“ஒங்கப்பாவ எனக்குத் தெரியாதா?” என்று சிரித்தார்.

அப்பா அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்படியோ போகட்டும் என்று, இரண்டு கேரியரையும் சேர்த்துக் கட்ட ரப்பர் நாடா தேடப் போனேன்.