யார் கைப்பிடியைத் தொட்டது

அந்த வட்டாரத்தில் ஹீட்டர் மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சுடுதண்ணி டாக்டர் என்று பட்டப்பெயர். குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கை சுத்தம், தொழில் சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

கொடுமை என்னவென்றால், அவர் வீட்டுச் சமையலறைக் குழாயே சில மாதங்களாகப் படுத்தி எடுத்தது. ஒரு நாள் கொதிக்கும், மறுநாள் வெதுவெதுப்பு. வேகமும் திடீரென்று கூடும், குறையும். ஹீட்டரைக் கழற்றி மாட்டினார், குழாய்முனை வலையைத் தேய்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் என்ன, பழி மருமகள் தலையில் விழுந்தது.

பேரனை அவள் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டுவாள். சம்பந்தியம்மா வந்திருந்த அன்று தண்ணீர் பாதியில் சில்லிட்டு, குழந்தை வீறிட்டது. "ஒரு குழந்தையக் குளிப்பாட்டக்கூடத் தெரியாத பொண்ணையா எங்க தலையில கட்டினீங்க?" என்று டாக்டர் அந்த அம்மாவிடம் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே மகன் தனி வீடு தேடக் கிளம்பிவிட்டான். பேரன் இல்லாத வீட்டை டாக்டரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் வீம்பு விடுமா?

அப்படியிருக்கையில் ஒரு தையல்காரர் வீட்டில் இதே புகார். போய்க் குளியலறையைப் பார்த்தார். கை ஷவரில் உள்ள பொத்தானை அழுத்தித் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். சுவரில் இருந்த குழாய்க் கைப்பிடியோ நடுவாக்கில் திறந்தே கிடந்தது. சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கும் இடம் அது. வெளியே போக வழியில்லாமல், வேகம் அதிகமான பச்சைத்தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து வீடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

"எந்த மகராசன் பாத்த வேலை இது? குளிச்சா கைப்பிடிய மூடணும்னுகூடவா தெரியாது?"

தையல்காரர் தலையைச் சொறிந்தார். "நான்தாங்க. சூடு சரியா ஒரு தடவ வெச்சுட்டா, தினமும் திருப்ப வேணாமேன்னு பாத்தேன்."

சிரிக்கப்போன டாக்டர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அவரும் வீட்டில் பொத்தானை அழுத்தித்தான் ஷவரை நிறுத்துவார். தன் உடம்புக்கு ஏற்ற சூட்டில் நிறுத்திவைத்த கைப்பிடியை வீட்டில் ஒருத்தர் தொடக்கூடாது. ஓரிரு முறை அது மூடிக் கிடந்ததற்கு வீடு இரண்டுபடக் கத்தியிருக்கிறார். சமையலறையில் தண்ணீர் ஒழுங்காக வந்தது அந்த நாட்களில்தான். ஒரு தொழில்காரனுக்கு இதைவிட அசிங்கம் வேண்டுமா? ஸ்பேனரைக்கூட அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார்.

வாசலில் பெட்டி. வீடு கிடைக்கும்வரை அம்மா வீட்டில் இருப்பதென்று மருமகள் கிளம்பி நின்றாள். அவர் நேரே குளியலறைக்குப் போய்க் கைப்பிடியை மூடிவிட்டு வந்தார்.

"தப்பு என்னோடதும்மா. அந்தக் கைப்பிடி..."

"தெரியும் மாமா. முன்னாடி நான்தான் மூடி வெச்சேன். யாரு தொட்டதுன்னு கத்துனீங்க, விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் மாமா. எனக்கே குழாயப் பத்திப் பாடம் எடுக்கறியான்னு கேட்டீங்க."

கேட்டிருப்பார். அது நினைவில்கூட இல்லை என்பதுதான் அவரை இன்னும் குறுக வைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் எதிரிலேயே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, அன்னைக்கு உங்க பொண்ணப் பத்தி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். கோளாறு பண்ணினதே நான்தான். என்னை மன்னிச்சிடுங்க."

"அன்னைக்கு அங்க இருந்தவங்க எல்லாருக்கும் இதச் சொல்லுவீங்களா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

"சொல்றேன் சம்பந்தி" என்றார்.

மருமகள் குழந்தையின் சட்டையைக் கழற்றினாள். "குளிப்பாட்டிட்டே கிளம்பறேன் மாமா."

தண்ணீர் ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் வந்தது. பேரன் கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான். டாக்டர் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றார். போகாதேம்மா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவு நீளமான வாய், அதற்கு மட்டும் வரவில்லை.