அழிக்கவா என்று கேட்ட திரை

ஜவ்வாது மலையில் நான் வேலைபார்த்த மருத்துவமனைக்கு அந்தக் கம்ப்யூட்டர்காரர் வந்தது, நோயாளிகளின் பதிவுகள் இருந்த ஸ்டோரேஜ் பெட்டியை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் புது மென்பொருளோடு இணைக்க. நரைத்த மீசைக்காரர். யோசிக்கும்போது இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார்.

உள்ளே பதிவுகள் இருந்தும் புது மென்பொருளுக்கு அவை தெரியவில்லை; இணைத்ததும் திரை, "டிஸ்க் காலி. ஃபார்மேட் செய்யவா?" என்றது. அந்நேரம் பிரசவ அறையிலிருந்து டாக்டர் ஓடிவந்தார். ரத்தப்போக்கு நிற்காத பெண்ணின் பழைய ரிப்போர்ட் உடனே வேண்டுமாம்.

"யெஸ் குடுத்துடுங்க சார்," என்று பதறினேன்.

"குடுத்தா டிஸ்க் வேலைக்கு வந்துடும்ங்க. உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சி போய்டும்."

அழிக்காமல் அப்படியே சேர்க்கும் வழியை வியர்க்க வியர்க்கத் தேடினார். கிடைத்தது. பதிவுகள் வந்தன, டாக்டர் ஓடினார்.

வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. "அந்தம்மாக்கு இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று நர்ஸ் சொன்னபோது அவர் மலையிறங்க வேண்டிய ஒடுகத்தூர் பஸ் போய்விட்டிருந்தது. குழந்தையைப் பார்க்கக் கூப்பிட்டேன்.

"வேணாங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று இன்றும் தெரியவில்லை.