தாராவியில் ஒரு வகுப்பறை, 1971 டிசம்பர்

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போர் என்றால் ஐந்து மதிப்பெண். எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு முடிந்தது, உடன்படிக்கையின் பெயர் என்ன. அரக்கோணத்தில் பதினான்கு வருடமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். நானும் அப்படித்தான் கேள்வி கேட்டு வந்திருக்கிறேன். என்னோடு பி.எட். படித்த செல்வராணி இப்போது மும்பை தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. வருடத்தில் ஒரு நாள் தன் வகுப்பைப் போர்க்கால பம்பாயாக மாற்றிவிடுவதாக போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வந்து பாருடி, சொன்னா புரியாது" என்பாள். இந்த ஜனவரியில் எனக்குப் பொங்கல் விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி நாள். கிளம்பிவிட்டேன்.

அரக்கோணத்தில் காலையில் ரயில் ஏறினால் மறுநாள் விடியும்போது தாதர். சுமார் 1,200 கி.மீ., 21 மணி நேரம். ஸ்லீப்பரில் எனக்கு 580 ரூபாய் ஆனது. தாதரிலிருந்து குர்லா போய், அங்கே ஹார்பர் லைனுக்கு மாறிச் செம்பூரில் இறங்கினேன். லோக்கல் டிக்கெட் பத்து ரூபாய். ஸ்டேஷன் பக்கம் சின்ன லாட்ஜ், நாளைக்கு 1,600. அறையில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சமையலறை தெரியும், அவ்வளவுதான் காட்சி. சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு ஆட்டோ. ஓட்டுநர் மான்குர்த்தில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர். பள்ளிக்கூடத்தில் எழுபத்தொன்றாம் வருட இந்திய-பாகிஸ்தான் போரைப் பிள்ளைகள் நடித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"பிள்ளேளுக்கு என்னத்துக்கு யுத்தம்? பாடம் நடத்துனா போதாதாக்கா?"

"நடத்திப் பாத்தாச்சு. மனசுல நிக்க மாட்டேங்குதே."

"அதுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு ஸிக்னலைப் பார்க்கத் திரும்பினார். சயான் வரை 25 நிமிடம், 95 ரூபாய். நான் போனபோது அங்கே பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்ததால் கிழக்குப் பக்கமே இறங்கி, நடைமேம்பாலம் ஏறி, 90 அடி சாலைக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டியிருந்தது. நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பில் முப்பத்தெட்டு பேர். நான் போனபோது பாதிப் பேர் ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை கூட அவர்களே காய்ச்சிய மைதாப் பசை. அந்த டிசம்பரில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து நகரம் முழுக்க விளக்கை மறைத்து வைத்திருந்தார்கள். வண்டிகளின் முகப்பு விளக்கில்கூடப் பாதிக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். செல்வராணி இதைப் பாடமாகச் சொல்லவில்லை. "வெளியிலேந்து பாத்தா ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். ஒரு குழு உள்ளே டார்ச் அடிக்க, இன்னொரு குழு வராந்தாவில் நின்று வெளிச்சக் கீற்று தேடியது. வெளிச்சம் கசிந்தால் "பத்தி புஜாவ்" என்று இந்தியில் ஒரு கத்தல். விளக்கை அணை என்று அன்றைக்குத் தெருத்தெருவாகக் கத்தியது அப்படித்தானாம். முக்கால் மணி நேரத்தில், காலை ஒன்பதரைக்கு, அந்த அறை இருட்டாகிவிட்டது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு என் கையே தெரியவில்லை.

அடுத்தது சைரன். செல்வராணி போனில் பதிந்து வைத்ததை ஸ்பீக்கரில் போட்டாள். சத்தம் எழும்பியதும் எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் போக வேண்டும். யாரும் அறையை விட்டு வெளியேறக் கூடாது. எல்லாரும் உள்ளே இருக்கிறார்களா என்று பார்க்கும் வார்டன், ஷமீமா என்ற மாணவி, கழுத்தில் விசிலோடு. டார்ச்சை அடித்து ஒவ்வொரு தலையாக எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"டீச்சர், ஒரு ஆள் கொறையுது. பவித்ரா இல்ல."

சொல்லிவிட்டு அவளே கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். நாங்கள் பின்னால் போனோம். மாடிப்படியின் கடைசிப் படியில் பவித்ரா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஷமீமா அவள் தோளைக் கட்டிப் பிடித்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் பவித்ரா வீட்டுச் சந்து எரிந்துபோனது என்பதும், தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்டபடிதான் அவர்கள் ஓடினார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் இந்த வருடம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். செல்வராணிக்கும் தெரியாது. செல்வராணி பவித்ராவின் கையைப் பிடித்தாள்.

"போதும்மா. நிறுத்திடலாம். தாளையெல்லாம் கிழிச்சுடலாம்."

பவித்ரா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நிப்பாட்டாதீய டீச்சர். சைரன் மட்டும் வேண்டாம்."

செல்வராணி தயங்கினாள். ஷமீமா விசிலைத் தூக்கிக் காட்டி, "இது போதும்லா?" என்று கேட்டாள். பவித்ரா தலையாட்டினாள். ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்துத் தொடர்ந்தார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம், ஆளுக்கு ஒரு துணிப்பை, மூன்று கிலோவுக்கு மேல் கூடாது. மேசையில் அரிசிப் பொட்டலம், போர்வை, டிரான்சிஸ்டர், போட்டோ ஆல்பம், பொம்மை, மருந்து அட்டை, சான்றிதழ்கள் வைத்த காகித உறை என்று பரப்பியிருந்தார்கள். குழுவுக்கு ஒருவராக முறை வைத்து ஷமீமா விசில் ஊதினாள். பிள்ளைகள் அரிசியை அள்ளினார்கள், போர்வையைத் திணித்தார்கள். காய்கறிக்காரரிடம் கடன் வாங்கிய தொங்கு தராசில் ஒவ்வொரு பையும் நான்கு கிலோ, ஐந்து கிலோ என்று இறங்கியது. பவித்ராவின் பை ஒரு கிலோகூட இல்லை. காகித உறை, மருந்து, தண்ணீர் பாட்டில், டார்ச்.

முன் பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள். செல்வராணி மெதுவாகக் கேட்டாள்: "அரிசி எடுக்கலையாம்மா?"

"அரிசி யாராவது குடுப்பாவ டீச்சர். பேப்பர யாரும் தர மாட்டாவ."

ரேஷன் அட்டையும் பள்ளிச் சான்றிதழும் எரிந்துபோய், அவற்றைத் திரும்ப வாங்க அவள் அம்மா பதினொரு மாதம் அலைந்திருக்கிறார். பவித்ரா இதைப் புகாராகச் சொல்லவில்லை, விடை சொல்வதுபோலச் சொன்னாள். பையில் இன்னும் இடம் இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள்.

"பை கனமா இருந்தா ரெண்டு கையும் வேணும். ஒரு கை சும்மா இருக்கணும். தம்பியப் புடிக்கணும்லா."

சிரித்தவள் எழுந்து போய்த் தன் பையை மேசைமேல் கவிழ்த்தாள். ஷமீமா எல்லாரையும் பார்த்து, "சலோ, எல்லாரும் கொட்டுங்க. மறுபடியும்" என்றாள். செல்வராணி கரும்பலகைப் பக்கமிருந்து விலகி என் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த அரை மணி நேரம் அந்த வகுப்பை நடத்தியது பவித்ராதான். எந்தக் காகிதத்தை எதில் சுற்றினால் நனையாது, சின்னப் பிள்ளைகளுக்கு எந்தத் தெருமுக்கை முதலில் சொல்லி வைக்க வேண்டும், பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும். நோட்டில் எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. வெளியே வரும்போது பவித்ராவிடம், "இன்னிக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள். கொஞ்சம் யோசித்து, "அன்னைக்கு எங்களுக்கு யாருஞ் சொல்லித் தரல. இப்ப இவ்வளவு பேருக்குத் தெரியும்" என்றாள். பிறகு ஷமீமா கூப்பிட, ஓடிவிட்டாள்.

போக நினைக்கும் ஆசிரியர்களுக்குச் சில விஷயங்கள். பள்ளிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். இங்கே நான் எழுதியிருப்பவையும் அவர்களுடைய உண்மைப் பெயர்கள் அல்ல. உங்கள் பள்ளியிலேயே செய்வதானால், ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகப் பேசி, அவர்கள் எதையெல்லாம் கடந்து வந்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அதைக் கேட்காமல் விட்டது தன் தவறு என்று செல்வராணியே எழுதச் சொன்னாள். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தால் மாட்டுங்காவில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். சாப்பாடு எனக்கு 220 ரூபாய், வயிறு நிறைந்தது.

ஊர் வந்த அன்று மாலை, எங்கள் வீட்டு ரேஷன் அட்டையைத் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது.