முன்கூட்டியே சொல்லிவிட்ட நன்றி

போன மாதம் ஒரு சாயங்காலம். ட்ராமில் நசுங்கி வீடு வந்து, சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் மரியம்மா.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாய் குமாஸ்தா நான். ராயபுரத்தில் யாருக்கு இங்கிலீஷில் மனு வேண்டுமானாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். அலுத்துப்போய்விட்டது... ஆனால் மரியம்மாவை எப்படித் திருப்பி அனுப்புவது? அவள் புருஷன் அந்தோணி எங்கள் கிடங்கில் மூட்டை தூக்கியவன். அடுக்கு சரிந்து ஒரு கால் போய்விட்டது. இப்போது கேட் வாட்ச்மேன் வேலை ஒன்று காலி என்று பேச்சு. உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை. அது கிடைத்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

எழுதினேன். முடிவில் வழக்கம்போல — 'தாங்கிங் யூ இன் ஆன்டிசிபேஷன்', அதாவது முன்கூட்டியே நன்றி.

இந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆபீஸில் புதிதாய் வந்த டைப்பிஸ்ட் இதை ராஜினாமாக் கடிதத்தில்கூடப் போடுகிறார்! தப்பு. கேட்டதைச் செய்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இதை எழுதலாம் என்று அவருக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தவன் நான்.

மனுவைத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் மரியம்மா மடக்கினாள்.

"வேல குடுக்கறதுக்கு மின்னாடியே இன்னாத்துக்கு சார் நன்றி?"

"அது மரியாதைம்மா. மானேஜர் கொடுப்பார்னு முன்கூட்டியே தெரிஞ்சு சொல்றோம்."

"குடுப்பார்னு உனுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான்.

"அப்ப அத்த அட்ச்சுடு சார். மொதல்ல குடுக்கட்டும். நானே நேர்ல வந்து சொல்றேன்."

எனக்கு எரிச்சல். பேனாவைப் பிடிக்கத் தெரியாதவள் எனக்குத் திருத்தம் சொல்வதா? ஆனாலும் புதுக் காகிதம் எடுத்து, அந்த வரி இல்லாமல் மறுபடி எழுதினேன்.

முந்தாநாள் மானேஜர் கூப்பிட்டு, 'இடம் காலி இல்லை, வருந்துகிறோம்' என்று பதில் எழுதச் சொன்னார். அவருக்கு வேண்டிய ஒருவரின் மைத்துனரை, மனு வருவதற்கு முன்பே அந்த வேலைக்கு எடுத்தாகிவிட்டதாம். முன்கூட்டியே தெரிவது என்றால் அதுவல்லவா! மனுவை எழுதிய கைதான் பதிலையும் எழுதியது.

அந்த ஒரு வரி இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ? ட்ராமில் இதே நினைப்பு. பிறகு யோசித்தால்... வரி இருந்த மனுக்களுக்கு மட்டும் வேறு பதிலா வந்தது?

மரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை.

"பேஜாராத்தான் கீது சார். நாளைலேந்து நானே மீன் கூடைய தூக்கினு போறேன். ஆனா ஒண்ணு... அந்த ஆளுக்கு நன்றி சொல்லாம வுட்டோம் பாரு, அது எங்கிட்டயே கீது."

அவளுக்கு அதாவது மிச்சம். முப்பது வருஷமாய் முன்கூட்டியே கொடுத்துத் தீர்த்த நன்றிகளை நான் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது?