குழாயைத் திறக்கச் சொன்னேன்

ஜூன் 8, ஞாயிறு காலை 7.40 மணி; அதற்குள் சுள்ளென்று வெயில். மென்பொருள் எழுதும் என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பெங்களூரில் வாடகை வீடு தேடினோம். தரகர் என் கைபேசியில் வீடியோ அழைப்பில் வந்து, ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டினார். முன்பணம் நாற்பதாயிரத்தை உடனே அனுப்பச் சொன்னார். பணம் அனுப்ப ஸ்டெல்லா தன் கைபேசியை எடுத்துவிட்டாள்.

தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த திண்டுக்கல்காரனுக்கு முதலில் தண்ணீர்தானே! "தம்பி, செத்த அந்த அடுப்படிக் குழாயத் திறங்க," என்றேன்.

"தண்ணி நல்லா வரும் சார்." படம் பால்கனிக்குப் போனது.

"திரும்பி அடுப்படிக்கு வாங்க."

படம் நிற்காமல் படுக்கையறைக்குப் போனது. ஸ்டெல்லா துள்ளி எழுந்தாள். "அப்பா, இது லைவ் இல்ல! எப்பவோ எடுத்த வீடியோவ ஓட்டுறான்!"

அழைப்பு பட்டென்று துண்டானது.

"அம்புட்டுப் படிச்சும் கோட்டை விடப் பாத்தேனே!" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் குழாயைத் திறந்து காட்டிய பிறகுதான் வாடகைப் பேச்சே. அன்று தீர்ந்த நெட்டுக்கு ரீசார்ஜ் செய்தேன். எனக்கு ஆன மொத்தச் செலவு, பத்தொன்பது ரூபாய்.